சிவப்பு பூசிய தளபதி

பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்திப் போர் விளையாடும் எங்கள் குழுவில், ஆங்கிலேயரின் வடமேற்கு எல்லைப்புறப் போர்களைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தேன். அங்கே ஒரு நண்பர் சொன்ன புத்தகம் இன்று வந்தது. மலை எல்லைக்குப் போன பட்டாளம் சிவப்புக் கோட்டை விட்டுக் காக்கிக்கு மாறியதாம். நானோ இருபது ஈயச் சிப்பாய்களுக்கும் சிவப்பு அடித்து முடித்திருந்தேன். நொந்துகொண்டே, பெயின்டைக் கரைக்கும் தின்னர் பாட்டிலைத் திறந்தேன்.

அந்த நெடியில், சின்ன வயதில் நாங்கள் இருந்த மத்திகிரி வாடகை வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அப்பா ஓசூர்க் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பவர். கழித்துப்போட்ட ரிவெட் ஆணிகளை விளையாடக் கொண்டுவருவார். ரிஜெக்ட் என்பதற்கு அடையாளமாக அவற்றின் தலையில் சிவப்புப் பெயின்ட் இருக்கும். எனக்கும் தங்கைக்கும் அவைதான் வெள்ளைக்காரப் பட்டாளம். கவிழ்த்த அண்டா கிருஷ்ணகிரிக் கோட்டை.

ஒருநாள் அப்பாவின் சட்டைப்பையில் பளபளவென்று ஒரு ரிவெட் கிடைத்தது. தளபதியாக்க, அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை அதன் தலையில் பூசினேன். அது மறுநாள் பெங்களூரில் கஸ்டமரிடம் காட்ட வேண்டிய சாம்பிள்.

"ஐயோ, செவப்பைப் பாத்தாலே ரிஜெக்ட்னு தூக்கிப் போட்டுருவாங்களே!" அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. நான் அழுதேன்.

சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்க வாங்கிய தின்னரைத் துணியில் நனைத்து, அம்மா ஒரே இழுப்பில் துடைத்தாள். ரிவெட் பளிச்சென்று வந்தது.

"இதுக்கா ரெண்டு பேரும் இப்படிப் பயந்தீங்க?"

அப்பா சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது முதல் சிப்பாயைத் துடைத்தேன். சிவப்பு கழன்று ஈயம் மின்னியது. குழுவில் எழுதினேன்: "பெயின்ட் அடிக்கும் முன்னால இந்தப் புத்தகத்தைப் படிங்க. அடிச்சிட்டீங்களா? பயப்படாதீங்க, தின்னர் இருக்கு."