பின் சீட்டுக்கு அடியில் கேட்ட ஓசை

பழைய கியர் ஆயிலை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கெட்டுப்போன முட்டையையும் கருகிய ரப்பரையும் சேர்த்துக் கலக்கியது போன்ற அந்த நெடி, எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் தங்கிவிடும். எனக்கு அந்த நெடியோடு கூடவே வருவது பொறாமை.

நீலசந்திராவில் எங்கள் வீடு இருந்த சந்தில் ஒரு கார் நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. எனக்குப் பத்து வயதானபோது, அத்திபெலேயில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த பெரியப்பா திடீரென்று இறந்துபோனார். அவருடைய வெள்ளைக் காரை அப்பா எங்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்த நாளில், அதன் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவள் பெரியப்பாவின் மகள் ஜெயந்தி. பெரியம்மா அங்கே தையல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதால், இனி எங்கள் வீட்டில் தங்கித்தான் அவள் படிக்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

அதுவரை அப்பா எனக்கு மட்டுமே அப்பாவாக இருந்தார். அந்தக் கார் வந்த பிறகு, கிலோமீட்டர் எண்கள் ஒரு சுற்று முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த அந்தக் கிழட்டு வண்டியில் என்ன சத்தம் கேட்டாலும், அவர் திரும்பிப் பார்ப்பது அவளைத்தான். "ஜெயா, அண்ணன் இதுக்கு என்ன பண்ணுவாரு?" என்பார். அவளும் யோசித்துப் பதில் சொல்வாள். எனக்குக் காதெல்லாம் எரியும்.

ஒரு மழைக்காலத்தில் காரின் பின்பக்கத்திலிருந்து "ஊ..." என்று ஒரு முனகல் கிளம்பியது. பின் அச்சின் நடுவே குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியலை எங்கள் வீட்டில் "பானை" என்றுதான் சொல்வோம்; அதிலுள்ள பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கலாம் என்று அப்பா பயந்தார். ஆயிலை மாற்றிப் பார்ப்பது, அப்போதும் சத்தம் குறையாவிட்டால் ஆனேக்கல்லில் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வண்டியைக் கொடுத்துவிடுவது என்று அவர் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டு ஜெயந்தி இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. நானோ, வண்டி போனால் அப்பா எனக்குத் திரும்பக் கிடைப்பார் என்று நினைத்துக்கொண்டே நன்றாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா காரை ஒரு சுற்று ஓட்டி, ஆயிலைச் சூடாக்கிக்கொண்டு வந்து, வாசலில் கோணிப்பையை விரித்து அடியில் படுத்தார். நான் பழைய இரும்புச் சட்டியை நீட்டினேன். அவர் அடிப்பக்கத்து போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டதும் ஜெயந்தி குனிந்து கத்தினாள்.

"சித்தப்பா, வேணாம்! மேல இருக்கறத மொதல்ல கழட்டுங்க. ஆயில கீழ விட்டுட்டு, அப்புறம் மேல் போல்ட் வரலன்னா புது ஆயில எப்படி ஊத்துவீங்க? அப்பா அப்படித்தான் செய்வாரு."

அப்பா ஸ்பேனரை எடுத்துவிட்டு அவளைப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். என்னை எதற்காகவும் அவர் அப்படிச் சொன்னதில்லை. மேல் போல்ட் உண்மையிலேயே துருவேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி அதை அசைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. "பசங்க பட்டினி, வண்டிக்கு அபிஷேகமா?" என்று உள்ளேயிருந்து அம்மா சத்தம் போட்டாள்.

பிறகு கீழ் போல்ட்டைத் திறந்ததும், தார் போல, ஆனால் வெள்ளித்தூள் மின்ன, ஆயில் சட்டியில் இறங்கியது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஜெயந்தி சட்டியின் பக்கத்தில் குந்தி, முகத்தை அருகே கொண்டுபோய், "எங்க அப்பா சட்டை மாதிரியே இருக்கு" என்றாள். அப்புறம்தான் அழுதாள், பெரியப்பா இறந்த அன்றுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. அடியிலிருந்து ஊர்ந்து வந்த அப்பா, கையெல்லாம் எண்ணெய் என்பதால் முழங்கையாலேயே அவள் தலையைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். செத்துப்போன அப்பாவுக்காக அழுபவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

புது ஆயிலை ரப்பர் குழாய் வழியாக ஊற்றி, மேல் துளையில் வழிந்ததும் மூடி, மூவருமாக ஓசூர் ரோட்டில் கிளம்பினோம். வழக்கம்போல் முன் சீட்டு அவளுக்கு. கொஞ்ச தூரம் போனதும் அப்பா கேட்டார்:

"கலா, பானை உனக்குக் கீழதான் இருக்கு. சத்தம் இருக்கா, பாரு."

ஜெயந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். "இருக்கு" என்ற ஒரு சொல்லுக்கு அன்று ஒரு காரின் விலை இருந்தது. அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. சீட்டில் காதை வைத்துக் கேட்டேன்.

"லேசா இருக்குப்பா. ஆனா முன்ன மாதிரி இல்ல. ரொம்பக் கொறஞ்சிருச்சி."

"அப்ப ஓடட்டும்" என்றார் அப்பா. ஜெயந்தி முன் சீட்டின் மேலேறித் தாண்டி, பின்னால் வந்து என் பக்கத்தில் விழுந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் தீரவில்லை. கையை மட்டும் உருவிக்கொள்ளவில்லை.

அந்தக் கார் அதன் பிறகும் பல வருடம் வாடகைக்கு ஓடி எங்கள் இருவரையும் படிக்கவைத்தது. இன்று அது இல்லை. சந்தின் இருபுறமும் மாடிகள் எழும்பி, வாசலில் கோணிப்பை விரிக்கும் இடமும் போய்விட்டது. நான் இருக்கும் அடுக்குமாடியில் வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்பேனரை எடுத்தாலே காவலாளி ஓடி வருகிறார். போன வாரம் என் காரில் ஏதோ சத்தம் வர, அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்காமலே, "ஜெயாவக் கேளும்மா, அவளுக்குத் தெரியும்" என்றார்.

தலை நரைத்த பிறகும் சுருக்கென்றது. அன்று முழுவதும் அவளுக்குப் போன் செய்யவில்லை. மறுநாள் காலையில்தான் செய்தேன்.