திரும்பிப் பார்த்த ராணி

சிவகாமசுந்தரி அக்கா கடைக்குப் போனாலும், ஏதோ ஓர் ஊர் ராணி வழி தவறி மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெருவுக்கு வந்துவிட்டது போல இருக்கும். மலாக்காச் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் வீட்டில் கும்பிடுவது முருகனை, பேசுவது மலாய். தமிழில் மிஞ்சியிருந்தவை பூசைக்கும் சமையலுக்குமான சில சொற்கள்தான். அப்படிப்பட்டவர் ஏழு வருடம் தமிழ் நாடகங்களில் ராணியாக நடித்தார்.

அவரை மேடை ஏற்றியவர் தையற்கடை மாணிக்கவாசகம். ஐம்பதாம் ஆண்டில் தமிழ் வீடுகளில் பெண்களை நாடகத்துக்கு அனுப்ப மாட்டார்கள். அவருடைய குழுவில் மீசையை மழித்த ஆண்கள்தான் ராணிகள். ஒருநாள் கோயிலில் அக்கா பாடுவதைக் கேட்டு அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எனக்குத் தமிழ் தெரியாது, பாக்" என்று அக்கா மலாயில் சொன்னார். பெரியவர்களை அவர் மரியாதையாக 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்.

"பாடினியேம்மா! அது என்ன ஜப்பான் பாஷையா?"

அவர் வசனத்தைச் சொல்லச் சொல்ல, அக்கா அதை ரூமியில், அதாவது மலாயை எழுதும் ஆங்கில எழுத்தில், நோட்டில் எழுதிக்கொள்வார். வரிகளுக்கு மேலே சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். அம்புக்குறி என்றால் திரும்ப வேண்டும், புள்ளி என்றால் உட்கார வேண்டும், வட்டம் என்றால் அழ வேண்டும். அர்த்தம் மட்டும் எங்கும் இல்லை. அந்த நோட்டை அக்கா எனக்குக் காட்டியபோது சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பரீட்சையில் எழுதிய எத்தனை வரிகளுக்கு நான் அர்த்தம் கேட்டிருக்கிறேன்?

நாடகத்தின் கடைசிக் காட்சியில் ராணி அரண்மனையை விட்டுப் போவாள். "வாசலைத் தாண்டிவிட்டேன் அரசே, இனித் திரும்பிப் பார்க்க மாட்டேன்" என்பாள். அந்த வரியில், 'திரும்பி' என்ற இடத்தில் ஓர் அம்புக்குறி. அக்கா கண்ணீரோடு சபையைத் திரும்பிப் பார்ப்பார்.

"அழுவுற மூஞ்சியக் காட்டலன்னா எவன் கைதட்டுவான்?" என்பது மாணிக்கவாசகத்தின் கட்சி. கைதட்டலும் கேட்டது. திரும்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ராணி திரும்புவதை ஒருவரும் குறை சொன்னதில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவாரம், ஞாயிறு மதியம், கொடித் தோரணங்கள் தொங்கிய மண்டபத்தில் அந்த நாடகம் நடந்தது. முன்வரிசையில் கலியாணசுந்தரம் உட்கார்ந்திருந்தார். மெட்ராஸிலிருந்து வந்து சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் எடுக்கும் டைரக்டர். நாடகம் முடிந்ததும் உள்ளே வந்து அக்காவிடம் தமிழில் படபடவென்று பேசினார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ராணியைப் போலத் தலை தாழ்த்தி, "தங்கள் சித்தம், அரசே" என்றார்.

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "குறும்புக்காரப் பொண்ணுய்யா! மொழிபெயர்ப்பாளனை வச்சுக்கிட்டு நான் படுற பாடு போதும். இவ மலாய்ல நடிப்பா, நான் தமிழ்ல சொல்லிக்குவேன். கதாநாயகியோட தங்கச்சி வேஷம் இவளுக்குத்தான்."

மாணிக்கவாசகம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விஷயத்தை அக்காவின் காதில் மலாயில் சொல்லி, "அவரு எது கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு" என்றார்.

அக்காவும் சொல்லவில்லை. அவருக்கு அந்த வேஷம் வேண்டும். படத்துக்காக மட்டுமல்ல. கோழியை விரட்டுகிற, அம்மாவோடு சண்டை போடுகிற தன் சொந்த மலாயில் ஒரே ஒரு முறையாவது நடிக்க வேண்டும். அதைத் திரையில் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் முதல் இரண்டு நாள் அது நடந்தது. வசனத்தை மலாயில் எழுதிக் கொடுத்தார்கள்; டைரக்டர் தமிழில் சொன்னதற்கெல்லாம் அக்கா தலையை ஆட்டினார். அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது அக்காவின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருக்கும். விளக்குகள் சூடாக இருந்தனவாம். வாயைத் திறந்தால் வார்த்தை தானாக வந்ததாம், தேட வேண்டியிருக்கவில்லையாம்.

மூன்றாம் நாள் கடற்கரையில் வசனமில்லாத காட்சி. தங்கை வீட்டை விட்டுப் போகிறாள். கேமரா ஓட, டைரக்டர் பின்னாலிருந்து கத்தினார்: "நட... அப்படியே நட... திரும்பிப் பார்க்காதே!"

காற்றில் அக்காவுக்குத் தெரிந்த ஓசை ஒன்று வந்தது. ஏழு வருடப் பழக்கம். உடம்பு தானாகத் திரும்பியது.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் திரும்பினார். மூன்றாவது முறையும்.

"ஏம்மா, தமிழ்லதானே சொல்றேன்?" டைரக்டர் கிட்டே வந்தார். "நான் இப்ப என்ன சொன்னேன்? சொல்லு பாப்போம்."

அக்கா தலை தாழ்த்தினார். "தங்கள் சித்தம், அரசே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அக்கா மணலைப் பார்த்துக்கொண்டு, "தா தாவு, துவான்" என்றார். தெரியாது, ஐயா.

மறுநாளே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். படம் மலாக்காவுக்கு வந்தபோது தெருவே திரண்டு போனது. அக்கா பேசிய காட்சி ஒன்றுகூட இல்லை. தங்கை வேஷம் ஒரு கடற்கரை நடையாகச் சுருங்கியிருந்தது. ஆனால் அவர் திரும்பிப் பார்த்ததை மட்டும் டைரக்டர் வெட்டவில்லை. பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்கிறார்கள், என்னவென்று புரியவில்லை என்பது போல அந்தக் கண்கள் திரை முழுக்க நிறைந்தன. கொட்டகையில் பெண்கள் அழுதார்கள்.

"ராணி ஊமையாயிட்டா லா!" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

அடுத்த நாள் அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போய், ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார்.

"இத்தனை வருஷம் நீ கேக்கலையேம்மா" என்றார் மாணிக்கவாசகம்.

"நீங்களும் சொல்லலையே, பாக்."

கடைசி வரிக்கு அர்த்தம் தெரிந்ததும் அக்கா ரப்பரை எடுத்து அம்புக்குறியை அழித்தார்.

பிறகு பக்கத்து ஊரான செமாபோக்கில் ஒரு மதியம் அதே நாடகம். ராணி வாசலைத் தாண்டினாள். "இனித் திரும்பிப் பார்க்க மாட்டேன்." திரும்பவில்லை. சபைக்கு முதுகு மட்டும் தெரிந்தது. "மூஞ்சி! மூஞ்சியக் காட்டு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து மாணிக்கவாசகம் பல்லைக் கடித்தார். ஒருவரும் கைதட்டவில்லை; ஒருவரும் இருமக்கூட இல்லை.

அக்கா நிற்காமல் மேடையை விட்டு இறங்கி, மண்டபத்தின் பின்கதவு வழியே வெயிலுக்குள் போனார். அங்கே தென்னை மரங்களும் இரண்டு கோழிகளும்தான் இருந்தன. கிரீடத்தோடு நின்று, அதே வரியைத் தன் மலாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"நல்லா இருந்தது" என்றார் என்னிடம். "கோழிங்க ரெண்டும் திரும்பிப் பார்த்துச்சு."