குழாய் சோதிக்க ஒரு பாட்டு

எழுபதுகளில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இரண்டு இசைத்தட்டுகள் போட்டோம். இரண்டும் விற்கவில்லை. அதைக்கூட மன்னித்துவிட்டேன். இரண்டாவது தட்டுக்கு நடந்ததை மன்னிக்க முடியவில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

அதில் இருந்தது வருசநாட்டுக் களையெடுப்புப் பாட்டு ஒன்று. எலெக்ட்ரிக் கிதார் கரகரவென்று தொடங்கும், உறுமி மெல்ல ஏறும், அதன் பிறகுதான் குரல். அந்தக் கரகரப்புக்காக ஆம்ப்ளிஃபயர் திருகை முழுக்கத் திருகி, மதராஸ் ஸ்டூடியோக்காரரிடம் சண்டை போட்டுப் பதிவு செய்தோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் அப்போது ஒரு பாட்டு பரவுவதென்றால் விசேஷ வீட்டுப் புளியமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியாகத்தான். காமயகவுண்டன்பட்டி மைக் செட்காரரிடம் ஒரு கல்யாணத்தில் தட்டைக் கொடுத்தோம். முள்ளை வைத்தார். கரகரத்ததும் வெடுக்கென்று எடுத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“குழாய் போச்சு தம்பி.”

“இல்லண்ணே, பாட்டே அப்படித்தான்.”

“மெட்ராசு வரைக்கும் போயி ரிப்பேரையா வாங்கிட்டு வந்தீக?”

பந்தலே சிரித்தது.

அதோடு விட்டாரா? இந்தக் கரகரப்பைத் தாங்குகிற குழாய் நல்ல குழாய் என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எந்த வீட்டில் குழாய் கட்டினாலும் முதலில் எங்கள் தட்டு. குரல் வருமுன் முள்ளைத் தூக்கிவிட்டுச் சாமி பாட்டு. மற்ற மைக் செட்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஊர் ஊராக எங்கள் தொடக்கம் ஒலித்தது. எங்கள் பாடகனின் குரலை ஒருவரும் கேட்கவில்லை. கம்பம் சந்தையில் அவன் அந்தத் தொடக்கத்தை முனகியபோது காய் விற்ற பெண் கேட்டாள்: “என்னய்யா, வாயிலயே குழாய் டெஸ்ட் பண்றீக?”

அதன்பின் அவன் பாடவில்லை. காமயகவுண்டன்பட்டியில் மாமனாரின் திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

எண்பதுகளில் அங்கே அவன் மகளுக்குக் காதுகுத்து. அதே மைக் செட்காரர். என்னிடம் ஒன்றுதான் கேட்டான்: “ஒரு தடவ முழுசா ஓடட்டும் மாப்ள.”

தட்டு சுழலும் பெட்டிப் பக்கத்திலேயே நின்றேன். கரகரப்பு முடியும் நேரம் மைக் செட்காரரின் கை வழக்கம்போல் முள்ளுக்குப் போனது. மணிக்கட்டைப் பிடித்தேன்.

“கைய விடுப்பா, வலிக்குது.”

“வலிக்கட்டும்.”

குரல் வந்தது. பாடகன் பந்தல்காலில் சாய்ந்து, தலை குனிந்தபடி கேட்டான். கடைசி உறுமி அடங்கும்வரை நான் பிடியை விடவில்லை.

பந்தியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, குழாய் சரியாயிருச்சா? இனிமேலாச்சும் பாட்டுப் போடுங்க.”