பிரிக்காத பெட்டிக்குச் சந்தனம்

மேலநீலிதநல்லூர் போகிற வழியில் எங்களுக்கு இருந்த கரிசல் காட்டில் பாதியைக் கரண்டு எடுக்கிற காத்தாடி போடக் கம்பெனிக்குக் கொடுத்தோம். கேட்டு வந்த ஆட்கள், உள்ளூர்க்காரங்களுக்குத்தான் வேலை என்று என் வீட்டு வாசலில் நின்று சொன்னார்கள். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். காத்தாடி வந்தது, சுற்றியது. அதில் ஏறி இறங்க எங்கிருந்தோ ஆள் வந்தான். கேட்டால், "உங்க ஊர்ல பயிற்சி எடுத்தவங்க யாரு இருக்கா?" என்றார்கள்.

சரி, பயிற்சிக்கும் வழி பிறந்தது. காத்தாடி வேலையும் சோலார் வேலையும் சொல்லிக்கொடுக்கச் சர்க்கார் பணம் கொடுத்து, சங்கரன்கோவிலில் ஒரு சென்டர் திறந்தார்கள். முதல் செட் முடிந்து இரண்டாவது செட்டில் என் மருமகள் சேர்ந்தாள். என் மகன் செத்த பிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பி நின்றவள் அவள்.

"இந்த வேலை கிடைச்சா இங்கனயே இருக்கேன் அத்தை. கிடைக்கலைன்னா என்னைத் தடுக்கக் கூடாது."

அவள் போனால் பேரனும் போவான். வீட்டில் நானும் சுவரும்தான் மிச்சம். அதனால் விதைப்பு நேரத்தில்கூட அவளைக் காட்டுக்குக் கூப்பிடவில்லை. காலையில் பஸ் ஏற்றிவிட்டுத்தான் நான் காட்டுக்குப் போவேன்.

"இன்னைக்கு என்னட்டி படிச்ச?"

"டிவியில காட்டுனாங்க அத்தை. எப்படி ஏறணும்னு."

மறுநாளும் டிவி. அதற்கு அடுத்த நாளும் டிவி. டிவியில் பார்த்தால் சோறு வேகுமா என்று கேட்டேன். அவள் பிள்ளைக்குத் தலை சீவ உட்கார்ந்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு வீட்டு ஆட்களையும் வரச் சொன்னார்கள். போனேன். மேசை மேல் ஸ்பானர், மீட்டர் எல்லாம் வரிசையாய் இருந்தன. நடுவில் ஓர் அட்டைப் பெட்டி. ஒட்டின டேப் ஒட்டினபடி, அதன் மேலேயே சந்தனமும் குங்குமமும். கிட்டே போய்ப் பார்த்தேன். புதுச் சந்தனத்துக்கு அடியில் பழைய சந்தனம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. போன வருஷத்துப் பூஜை.

"என்னட்டி இது?"

"பெல்ட்டு அத்தை. உசரத்துல ஏறும்போது உடம்புல மாட்டுறது."

"நீ மாட்டிப் பாத்தியா?"

அவள் ஒட்டின டேப்பைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாங்களும் பூஜை போடுகிறவர்கள்தான். மம்பட்டி, களைவெட்டி, பன்னரிவாள் என்று வருஷம் பூரா மண்ணில் உழன்றதைக் கழுவி, சந்தனம் வைத்து, இன்னைக்கு ஒருநாள் சும்மா கிட என்று விடுவோம். பாடுபட்டதற்குக் கொடுக்கிற மரியாதை அது. பிரிக்காத பெட்டிக்குச் சந்தனம் வைத்ததை என் வயசில் நான் பார்த்ததில்லை.

சென்டர் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இதை எப்பம் பிரிப்பீக?"

"அது விலை கூடின பொருள் ஆச்சி. ஆபீசர் வந்து பாக்கும்போது புதுசா இருக்கணும். அழுக்கானா எங்களைக் கேப்பாங்க."

"புதுசா இருந்தா ஏன்னு கேக்க மாட்டாங்களோ?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் குரலை இறக்கினான்.

"இன்னைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

"வேலை பாத்ததுக்குல்லா ஓய்வு? இது வந்த நாள்ல இருந்து தூங்குது. தள்ளுப்பா."

பழம் நறுக்க வைத்திருந்த கத்தியால் டேப்பைக் கிழித்தேன். உள்ளே வார்களும் கொக்கிகளுமாக ஒரே சிக்கல். எது தோளுக்கு, எது தொடைக்கு என்று அவனுக்கே பிடிபடவில்லை. போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

"சார், நீங்க மெதுவா பாருங்க. நாங்க பொரி திங்கோம்" என்றாள் ஒருத்தி.

ஒருவழியாக மருமகள் மாட்டிக்கொண்டு, மொட்டை மாடித் தொட்டிக்குப் போகிற இரும்பு ஏணியில் ஏறினாள். இறங்கி வந்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை என் மகன் போன பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னொரு தடவை சார்" என்றாள்.

அவன் பெல்ட்டை வாங்கி, ஈரத் துணியால் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினான். ஆபீசர் வந்து போகட்டும் என்றான். எந்த ஆபீசரும் வரவில்லை. பீரோவும் திறக்கவில்லை. நான் இரண்டாம் தடவை போனபோது கேட்டைச் சாத்திக்கொண்டார்கள்.

கம்பெனித் தேர்வு எங்கள் காட்டுப் பக்கமே நடந்தது. நானும் போய் நின்றேன். பெல்ட்டில் இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றினால் மற்றது மாட்டியிருக்க வேண்டும், எந்நேரமும். மருமகள் காத்தாடி ஏணியில் பயப்படாமல்தான் ஏறினாள். பாதியில் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டாள். கீழே நின்றவர், "இறங்கும்மா, போதும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விழுந்திருந்தால் பிணம்தான். ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்த்தவளுக்குக் கை எப்படிப் பழகும்?

சென்டர் கொடுத்த சான்றிதழைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினாள். சொன்ன சொல்லுக்காக நான் தடுக்கவில்லை. பேரன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேரைச் சொல்லி வந்த பணம் அது. அதில் பந்தல் போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், பொரி வாங்கினார்கள். கைக்கு வேலை பழக்கவில்லை.

இந்த வருஷமும் பூஜைக்கு வரச் சொல்லி அந்தப் பொறுப்பாளன் ஆள் விட்டிருக்கிறான். கத்தி வேண்டாம் ஆச்சி, சும்மா வாங்க என்று கேலி வேறு. புதுச் செட்டில் என் எதிர்வீட்டுப் பெண் இருக்கிறாள். போகத்தான் போகிறேன், பொரி திங்க அல்ல. பீரோ சாவியை மேசையில் வைத்துவிட்டு அவன் சாமி கும்பிடட்டும்.