பதினோராம் தொட்டில்

அவளை எல்லோரும் இடுப்புக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் விட்டுப்போன கைக்குழந்தைகளை வளர்க்கும் விடுதியில் ஆயா. பத்தொன்பது வருஷமாக ஏதாவது ஒரு பிள்ளை இடுப்பில் இருந்ததில் நடையே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "எனக்கு ஒரு செருப்புதான் முதல்ல தேயுது" என்று சிரிப்பாள்.

அந்த விடுதியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆயாக்களை அறை மாற்றிவிடுவார்கள். பிள்ளை யாரிடமும் ஒட்டிவிடக் கூடாதாம். ஒட்டினால் தத்துக் கொடுக்கும்போது அழுமாம். நல்ல சட்டம், பிள்ளை பெறாத யாரோ போட்டது.

நான் வாரம் ஒரு நாள் அங்கே போகும் மனநல ஆலோசகர். படித்த திமிரில் ஆயாக்களை உட்காரவைத்து வகுப்பெடுத்தேன். பால் மட்டும் போதாது, அழுதால் ஓடிவருகிற முகம் ஒரே முகமாக இருக்க வேண்டும், ஒருவரிடம் ஒட்டத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு இன்னொருவரிடமும் ஒட்டும் என்றேன். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். இடுப்புக்காரி மட்டும் நம்பித் தொலைத்தாள்.

அதன்பின் ஒவ்வொரு மாற்றம் வந்தபோதும் இன்னொருத்தியின் கையைக் காலைப் பிடித்து, அவள் வேலையில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதே அறையில் தங்கினாள். பதினோராம் தொட்டில் பையனுக்காக. வந்த புதிதில் சுவரைப் பார்த்தே கிடந்தவன். பத்து மாதத்தில் அவள் வாசலைத் தாண்டினால் ஊரைக் கூட்டினான், திரும்பி வந்தால் கழுத்தைக் கட்டிக்கொண்டு அடங்கினான். மற்ற ஆயாக்கள் அவனுக்குப் பல்லி என்று பேர் வைத்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவனைத் தத்தெடுக்க ஒரு தம்பதி வந்தது, நான் போகாத நாளில். அந்த அம்மா ஆசையாகக் கை நீட்ட, பையன் இடுப்புக்காரியின் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கத்தினான். "இவனுக்கு எங்களப் பிடிக்கலைங்க" என்று அந்த அம்மா கண் கலங்கினாள். பக்கத்துத் தொட்டில் பெண்குழந்தை எல்லோரிடமும் போகும். அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து நாள் வந்து பழகுங்கள், இவன் உங்களிடமும் இப்படித்தான் ஒட்டுவான் என்று சொல்ல அங்கே ஒரு நாதி இல்லை.

என் முன்னால்தான் விடுதிப் பொறுப்பாளர் அம்மா அவளைச் சலவை அறைக்கு மாற்றினார். "உன் பாசத்தால ஒரு பிள்ளைக்குக் குடும்பமே போச்சு, தெரியுதா?"

"டாக்டரம்மாதான்..." என்று இழுத்து என்னைப் பார்த்தாள். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றேன். எழுதினேன். கிணற்றில் போட்ட கல்.

சலவை அறைக்கும் குழந்தைகள் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். போனால் வேலை போய்விடும். ஒன்பது நாள் அவன் அழுததைக் கேட்டுக்கொண்டே துணி அலசினாள். பத்தாம் நாள் சத்தம் நின்றது.

ஒரு மாதம் கழித்து, மடித்த துணியோடு அவளை உள்ளே விட்டார்கள். நானும் இருந்தேன். பையன் பார்த்ததும் சிரித்து இரண்டு கையையும் நீட்டினான். துணியைக் கீழே போட்டுவிட்டு வாரி எடுத்தாள். "மறக்கலை பாத்தீங்களா டாக்டரம்மா! என் ராசா மறக்கலை!"

அப்போது குழாய் ரிப்பேர்க்காரர் பையோடு உள்ளே நுழைந்தார். பையன் அவள் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்து அதே சிரிப்போடு இரண்டு கையையும் நீட்டினான்.

"பாத்தியா," என்றார் பொறுப்பாளர் அம்மா, "இப்பதான் யாருக்கு வேணா கொடுக்கலாம்."