ஆடு எங்க போச்சோ

எனக்கு எண்பத்தாறு வயசு. வளர்த்தது ஒன்பது பேரை. பெத்தது ஆறு, பெறாதது மூணு. அந்த மூணும் என் ஓரகத்தியோட புள்ளைங்க, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி பெத்தது. ஒன்பது பேருக்கும் ஒரே சட்டியில சோறு. எது என் வயித்துல வந்தது, எது வரலைன்னு குப்பத்துல புதுசா வந்தவங்க யாரும் சரியா சொன்னதில்ல. அதுல எனக்குப் பெருமைதான். மறைக்க மாட்டேன்.

மறைச்சது வேற ஒண்ணு. அந்த மூணு பேரும் போற இடத்துல எல்லாம் சொல்லுவாங்க, "எங்கம்மாவும் பெரிம்மாவும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருந்தாங்களாம், அதான் எங்களை இப்டி வளத்துது"ன்னு. அறுபது வருஷத்துக்கு மேல நான் அதைக் கேட்டுக்கினு பேசாம இருந்துட்டேன். அது உண்மையில்ல. அதைச் சொல்லத்தான் இந்த நோட்டு. நான் பள்ளிக்கூடம் போனது ரெண்டு வருஷம். எழுத்து ஒண்ணொண்ணா கூட்டித்தான் வரும். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதினா கை வலி வந்துடும். அவசரம் ஒண்ணும் இல்ல.

எனக்குப் பிடிச்ச படம் எதுன்னு பேரப் புள்ளைங்க கேட்டா, ஒரு பழைய படத்தைச் சொல்வேன். அந்தப் படத்தோட பெரிய கதை எனக்கு மறந்தே போச்சு. ராஜா வந்தார், போனார், யாரோ அழுதாங்க. நடுநடுவுல வந்த தமாஷுக்குத்தான் ஜனம் போச்சு. ஒரே வூட்டுல அண்ணன் பெண்டாட்டி ஒருத்தி, தம்பி பெண்டாட்டி ஒருத்தி. ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. முத்தத்துல ஒரு ஆடு கட்டியிருக்கும். எது சொல்லணும்னாலும் அந்த ஆட்டுக்கிட்டதான் சொல்லுவாங்க.

"ஆடே, அவகிட்ட சொல்லு, கொழம்புல உப்பு கூடிப் போச்சுன்னு."

"ஆடே, அவகிட்ட சொல்லு, அவளுக்கு நாக்கு நீண்டு போச்சுன்னு."

ஒரு சீன்ல அந்த ஆடு பெரியவ புடவைத் தலைப்பை மென்னுக்கினு இருக்கும். சின்னவ பார்த்துடுவா. பதறுவா, கையை உதறுவா, ஆனா நேரா சொல்ல மாட்டா. "ஆடே, அவகிட்ட சொல்லு, நீ அவ புடவையைத் தின்னுக்கினு இருக்கேன்னு." தியேட்டரே குலுங்கும். கடைசில ஒரு நாள் ஆட்டைக் காணோம். ரெண்டு பேருக்கும் பேச வழியில்ல. சோறு தீயும், கொழந்தை அழும். ஆளுக்கொரு பக்கமா தேடிக்கினு போய், திரும்பி வரும்போது முதுகும் முதுகும் முட்டிக்கும். "ஆடு எங்க போச்சு?"ன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டுட்டு வாயைப் பொத்திக்குவாங்க. அதோட சண்டை தீர்ந்துடும்.

அந்தப் படத்தை முதல்ல பார்க்கும்போது எனக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். எங்க வூட்டுலயும் ஆடு இருந்தது. என் மூத்த பொண்ணுதான் அது. ஆறு வயசு.

நாங்க இருந்தது ராயபுரத்துக் கடக்கரைக் குப்பத்துல. ஒரே கீத்து வூடு, நடுவுல ஹார்பர் கோணிப்பையைப் பிரிச்சு தைச்ச ஒரு மறைப்பு. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே கட்டுமரத்துல போவாங்க. மரம் கரை ஏறினதும் மீனை ரெண்டு கூடையா பிரிச்சு நாங்க ரெண்டு பேரும் தலையில தூக்கிக்குவோம். எனக்கு வண்ணாரப்பேட்டைப் பக்கம் நாலு தெரு. அவளுக்கு டோல்கேட் பக்கம் மூணு தெரு. ஒருத்தி தெருவுல இன்னொருத்தி கூவ மாட்டா. அது எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்துக்குள்ள இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருத்தி புள்ள பெத்துப் படுத்துட்டா, அவ ஜனத்துல ஒருத்தி அவ தெருவை நடந்து வைக்கணும். ஒரு மாசம் கூவாம விட்டா வேற எவளாவது வந்து வாடிக்கையைப் பிடிச்சுக்குவா. அப்புறம் அந்தத் தெரு திரும்பக் கிடைக்காது.

எனக்கு மூணாவது பொறந்து முப்பது நாள் நான் வெளிய வரல. முப்பத்தொண்ணாம் நாள் கரைக்குப் போனேன். அங்க ஒருத்தி என் காதைக் கடிச்சா. "இன்னாக்கா, உன் ஓரகத்தி வண்ணாரப்பேட்டைல ஜோரா கூவிக்கினு கீறா. உன் தெரு இனிமே அவளுதுதான்." அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டேனா? கேக்கல. அவ அஞ்சு மாசத்து வயித்தோட மீன் பிரிச்சுக்கினு இருந்தா. மரங்க எல்லாம் கரையில, ஆம்பளைங்க வலை உதறிக்கினு இருக்காங்க, ஏலம் கூவுறவன்கூட நிறுத்திட்டான். அத்தனை பேர் முன்னாடி கத்தினேன்.

"பச்சை உடம்புக்காரி தெருவைத் திருடினவளே! என் எச்சிலைத் தின்னாதான் உன் வயித்துப் புள்ள வளருமா?"

அவ நிமிர்ந்து பார்த்தா. "அக்கா"ன்னா. கூடையைத் தூக்கிக்கினு டோல்கேட் பக்கம் நடந்துட்டா.

மறுநாள் நான் என் தெருவுக்குப் போனேன். தோல் மண்டி வச்சிருந்த பாய் வூட்டம்மா வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க. "வந்துட்டியாம்மா? புள்ள நல்லா கீதா? உன் தங்கச்சி எங்ககிட்ட சத்தியம் வாங்காத குறைதான் போ. 'இது எங்கக்கா தெரு, அவங்க வர்ற வரைக்கும் எவகிட்டயும் வாங்கிடாதீங்க'ன்னு தினம் சொல்லிட்டுத்தான் கூடையையே இறக்கும். வயித்துல புள்ளைய வச்சிக்கினு இன்னா வெயில்ல வந்துது!"

அந்த வாசல்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வூட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கினேதான் வந்தேன். வாசல்ல கால் வச்சதும் வேற புத்தி வந்துது. நான் மூத்தவ. மூத்தவ எப்டி முதல்ல இறங்கறது? அவளுக்கு வாய் இல்லையா? அன்னிக்கே கரையில சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? அப்டி அவ மேலயே திருப்பிட்டேன்.

அன்னிலேர்ந்து என் பொண்ணு ஆடாயிட்டா. "சித்திகிட்ட சொல்லு, தண்ணி லாரி வந்துடுச்சுன்னு." "அம்மாகிட்ட சொல்லு, குடத்தை எடுத்துக்கச் சொல்லி." ரெண்டு பேருக்கும் நடுவுல கோணி மறைப்புதான். சொல்றது நேராவே கேக்கும். அந்தப் புள்ள மறைப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடி ஓடி, சில நேரம் சலிச்சுப் போய், "அதான் கேட்டுச்சே!"ன்னு கத்தும்.

நாலு மாசம் கழிச்சு அவளுக்குக் கொழந்தை பொறந்துது. மூணாவது. தாய்ப்பால் ஊறணும்னு பால் சுறா வாங்கிப் புட்டு பண்ணினேன். பூண்டு உரிச்சு, மிளகு தட்டி, என் கையால பண்ணினேன். தட்டை மறைப்புக்கு அடியில தள்ளி விட்டேன். பேசல. தட்டு காலியா கழுவித் திரும்பி வரும். நாப்பது நாளும் சாப்பாட்டுல ஒரு குறை வைக்கல. அதைச் சொல்லி என்னை நானே மெச்சிக்கினு இருந்தேன்.

ஆனா அவ தெருவை நான் நடக்கல. டோல்கேட் பக்கம் ஒரு நாள்கூட போகல. யாராவது வந்து கேக்கட்டும், அப்புறம் போறேன்னு இருந்தேன். யாரும் கேக்கல. அவ எழுந்து போனப்ப மூணு தெருவுல ரெண்டு தெரு கை மாறிப் போச்சு. மிச்சம் இருந்த ஒத்தைத் தெருவுல கூவிட்டு வந்தா.

இப்டி இருக்கும்போதுதான் காத்து கெட்டுப் போய் நாலஞ்சு நாள் மரம் இறங்கல. என் வூட்டுக்காரர் வந்து, "ரெண்டு பேரும் பொறப்படுங்க. மேட்னி ஆட்டம் போலாம்"னார். எனக்குச் சந்தேகம்தான். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாள் சினிமா கூட்டிக்கினு போகாத மனுஷர். வண்ணாரப்பேட்டைல தியேட்டர். அந்தக் காலத்துல பொம்பளைங்களுக்குத் தனிப் பக்கம், நடுவுல குட்டைச் சுவர். ஆம்பளைங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க. வேற வழியில்ல, நானும் அவளும் ஒரே பெஞ்சில. நடுவுல என் பொண்ணை உக்கார வச்சோம். அவ மடியில கைக்கொழந்தை, என் மடியில என்னுது.

ஆடு வந்துது. நான் சிரிச்ச சிரிப்புக்கு முன் வரிசைக்காரி திரும்பிப் பார்த்தா. புடவையைத் தின்ற சீன்ல எனக்கு மூச்சே முட்டுது. பக்கத்துல அவளும் அப்டித்தான் சிரிக்கிறா, கண்ணுல தண்ணி. சிரிச்ச வேகத்துல என் பொண்ணு தலைக்கு மேல கையை நீட்டி என் தோளைப் பிடிச்சுக்கினா. நானும் அந்தக் கையை இறுக்கிப் பிடிச்சேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல உறைச்சுது போல. கையை எடுத்துக்கினோம்.

என் பொண்ணு மட்டும் திரையைப் பார்த்துட்டு என்னைப் பார்த்து, "ம்மா, அந்த ஆடு நான்தானே?"ன்னுது. "வாயை மூடு"ன்னேன்.

படம் விட்டு நடந்து வந்தோம். ஆம்பளைங்க வேணும்னே நாலு எட்டு முன்னால போறாங்க. வெயில் தாழ்ந்துடுச்சு. பாலம் ஏறி இறங்கும்போது, அவ நேரா ரோட்டைப் பார்த்துக்கினே, சின்னக் குரல்ல சொன்னா.

"அந்த ஆடு எங்க போச்சோ..."

என் பொண்ணைப் பார்த்துச் சொல்லல. கொழந்தையைப் பார்த்துச் சொல்லல. எனக்குத்தான் சொன்னா. படத்துல சண்டை தீர்ந்த அதே வார்த்தை. சின்னவளா இருந்தும், தப்பு ஒண்ணும் பண்ணாதவளா இருந்தும், முதல் வார்த்தையை அவ எடுத்து நீட்டிட்டா. "நானும் அதைத்தான் தேடறேன்"னு ஒரு வாய் சொன்னா போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துது.

நான் குனிஞ்சு என் பொண்ணுகிட்ட, "இன்னாடி, கால் வலிக்குதா? சீக்கிரம் நட"ன்னேன்.

வூட்டுக்கு வந்ததும் என் வூட்டுக்காரர் கேட்டார். "ஆடு எப்டி?"

"நல்லா இருந்துது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் தம்பியைப் பார்த்தார், தம்பி அவரைப் பார்த்தான். முந்தின நாளே ரெண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்துட்டு வந்து, எங்களுக்காகவே திட்டம் போட்டு கூட்டிக்கினு போனாங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மூணு வாரம் போகல. குப்பத்துல வாந்திபேதி வந்துது. அவளுக்கு விடிகாலைல ஆரம்பிச்சு, மதியத்துக்குள்ள கண்ணு உள்ள போயிடுச்சு. கொழுந்தன் குதிரை வண்டி கொண்டாந்தான் ஆஸ்பத்திரிக்கு. வண்டியில தூக்கிப் படுக்க வச்சாங்க. அவ கைக்கொழந்தை என் இடுப்புல. வண்டிப் பக்கத்துல நான் நிக்கிறேன். ஒரு கை தூரம் இல்ல. அப்பவும் நான் என் பொண்ணைப் பார்த்துச் சொல்றேன்:

"சித்திகிட்ட சொல்லு, புள்ளைங்களை நான் பாத்துக்கறேன்னு."

அவளும் என் பொண்ணைப் பார்த்துச் சொன்னா. குரலே இல்ல. "அம்மாகிட்ட சொல்லு கண்ணு... சின்னவனுக்குச் சூடு ஆவாது. ஆத்திக் குடுக்கணும்."

வண்டி போயிடுச்சு. அவ திரும்பி வரல.

அடுத்த வருஷம் அதே படம் திருவொத்தியூர் கொட்டாய்க்கு வந்துது. சாயங்கால ஆட்டத்துக்குப் புள்ளைங்க ஆறையும் கூட்டிக்கினு போனேன். தரையில மணல்ல உக்காந்தோம். ஜனம் அதே இடத்துல எல்லாம் சிரிக்குது. போன தடவை நான் சிரிச்சது யாரைப் பார்த்துன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. திரையில குதிச்சது நான். என்னைப் பார்த்து நானே வயிறு வலிக்கச் சிரிச்சுட்டு, வூட்டுக்கு வந்து அதே மாதிரி இருந்திருக்கேன். ஆடு காணாம போற சீன் வந்ததும் என் மூத்த பொண்ணு எழுந்து கொட்டாய்க்கு வெளிய போயிடுச்சு. நான் பின்னாலயே போனேன். ரெண்டு பேரும் சோடாக் கடைகிட்ட நின்னோம். அது என் கையைப் பிடிச்சுக்கினுது. ஏழு வயசுக்கு அது ரொம்பப் பெரிய புள்ள.

படத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேக்கறாங்க. அது சினிமா. நெஜத்துல யாராவது ஒருத்தர்தான் முதல்ல பேசணும். அதுல மூத்தவ இளையவ கிடையாது. இதை நான் கத்துக்கினேன், கத்துக்கலைன்னு சொல்ல மாட்டேன். பின்னால எனக்கு அஞ்சு மருமகளுங்க வந்தாங்க. எத்தனையோ சண்டை. எந்தச் சண்டையிலயும் பொழுது சாயறதுக்குள்ள நான்தான் முதல்ல பேசியிருக்கேன். தப்பு அவங்க மேல இருந்தாலும் நான்தான். "மாமியாருக்கு ரோஷமே கிடையாது"ன்னு ஒருத்தி சொன்னா. சொல்லட்டும்னு விட்டேன். வூட்டுல யாரும் புள்ளைங்க மூலமா சேதி சொல்லி அனுப்பக் கூடாதுன்னு மட்டும் சட்டம் போட்டேன். ஏன்னு யாருக்கும் சொல்லல.

ஆனா இதெல்லாம் மத்தவங்களுக்குக் கிடைச்சுது. கிடைக்க வேண்டியவளுக்குக் கிடைக்கல. கரையில அத்தனை பேர் முன்னாடி திருடின்னு கத்தினேன். அதே கரையில நின்னு, இல்ல, அவ என் தெருவைக் காப்பாத்திக் குடுத்தவன்னு நான் சொன்னதே இல்ல. சண்டையைப் பார்த்தவங்க என் மூஞ்சிக்காக வாயை மூடிக்கினாங்க. ஒருத்தர் ஒருத்தரா அவங்களும் போயிட்டாங்க. என் மூத்த பொண்ணும் போன வருஷம் போயிட்டா, கடைசி வரைக்கும் யாருக்கும் சொல்லாம. நான் புள்ளைங்களை வளர்த்தது பாசத்துல இல்லையான்னு கேட்டா, பாசம்தான். ஆனா முதல் ரெண்டு வருஷம் சின்னவனுக்குப் பால் ஆத்தும்போதெல்லாம் எனக்குப் பாசம் வரல, வண்டிச் சத்தம்தான் கேட்டுது.

அந்த மூணு பேர்ல இப்ப இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவனுக்கே தலை நரைச்சுப் போச்சு. இன்னும் பாலைச் சூடா குடிக்க மாட்டான்.

கண்ணு, நீ அவன் புள்ள. இந்தா நோட்டு. உனக்கு உங்கப்பனைப் பெத்தவ ஜாடை, அந்தக் கண்ணு அப்டியே அவளுதுதான். அதனாலதான் வேற யார் கையிலயும் குடுக்கல. எழுத்து கோணலா இருக்கும், பார்த்துப் படி. எங்கயும் திருத்தாத, நல்லா இருக்கட்டும்னு எதையும் விட்டுட்டுப் படிக்காத. உங்கப்பன் வெளிய குந்திக்கினு பேப்பர் பாக்கறான். நீ போய்ச் சொல்லாத, இரு. நானே கூப்பிடறேன். அவன் வந்து என் எதிர்ல உக்காந்ததும், முதல் வரிலேர்ந்து உரக்க வாசி.