காற்று வந்த பக்கம்

சுத்தக் காற்று அடைத்த சிலிண்டரின் வாயைக் கால் சுற்று திறந்துவிட்டு, ரப்பர் குழாயின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். திரையில் ஓடும் எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் வந்து நிற்கும்வரை பேசமாட்டார், பக்கத்தில் இருப்பவரையும் பேச விடமாட்டார். வந்ததும் நோட்டில் மணியைக் குறித்துச் சிலிண்டரை மூடுவார். "ஆச்சு. இந்த ஊர்லயே சுத்தமான காத்தைக் குடிக்கிறது இது ஒண்ணுதான் சார்" என்பார். நான் மூன்று நாள் போய்ப் பார்த்தேன். மூன்று நாளும் இதையேதான் சொன்னார்.

இது என்று அவர் சொல்வது, காற்றில் ஆலை வாயு எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கும் பெட்டியை. குடிநீர் அலுவலகத்தின் மொட்டைமாடியில் ஒரு தகர அறை. அதற்குள் அந்தப் பெட்டி, தூசியை உறிஞ்சும் ஒரு பம்பு, ஒரு நாற்காலி. அறைக்கு வெளியே பத்து மீட்டர் இரும்புக் கம்பம். அதன் உச்சியில் காற்றின் வேகத்துக்கு மூன்று கிண்ணங்களும், திசைக்கு ஒரு வால் வைத்த முள்ளும் இருக்கின்றன. இவையெல்லாம் அளப்பது கம்பி வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். கருவிகளைத் துடைத்து, சரிபார்த்து, படிவத்தில் கையெழுத்துப் போடுவது இவர் வேலை. ஒப்பந்த வேலைதான். பத்தொன்பது வருஷமாக வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கட்டிடத்தில் மாடி வீட்டில் இருக்கிறார். காத்தாடி என்றால்தான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. மருந்துக்கடைக்கு வழி கேட்டால் வலது இடது என்று சொல்ல வராது; கிழக்குக்குத் தொண்ணூறு, தெற்குக்கு நூற்றெண்பது என்ற கருவிக் கணக்குதான் வரும். "நேரா தொண்ணூறு டிகிரில போய், பெட்டிக்கடை வந்ததும் நூத்தி எண்பதுல திரும்புங்க" என்பார். கேட்டவர் அடுத்த ஆளிடம் போய் மறுபடி கேட்பார்.

தூசி படியும் வடிதாளை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரல் பட்டால் எடை கூடிவிடும். அந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. சாப்பாட்டில் கிடக்கும் மிளகைக்கூட இடுக்கி தேடி எடுக்கிற மனுஷன் என்று அவர் மனைவி என் மனைவியிடம் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் கொசுவர்த்தி ஏற்ற முடியாது. கேட்டால், அதன் புகை எத்தனை மைக்ரான் என்று ஆரம்பித்துவிடுவார்.

அவருடைய பெரிய விரோதி மூக்கு. யாராவது ஆலைப்பக்கம் நாற்றம் அடிக்கிறது என்றால் முகம் சுருங்கிவிடும். "மூக்கெல்லாம் ஒரு சாட்சியா சார்? சளி பிடிச்சா போச்சு. கருவிக்குச் சளி பிடிக்காது." இதை எத்தனையோ முறை கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

அவருடைய அக்கா ஆலைக்குக் கிழக்கே உள்ள வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். அக்காள் கணவர் லாரி ஓட்டியவர். இரண்டு வருஷமாக நெஞ்சுக் கோளாறில் கட்டிலோடு கிடக்கிறார். ஆலையின் புகைபோக்கியிலிருந்து முட்டை அழுகின நாற்றம் வந்த நாட்களையெல்லாம் அக்கா நாள்காட்டியில் பென்சிலால் சுழித்து வைத்தார். எட்டு மாதத்தில் நாற்பத்தொரு நாள். வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஆலையின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மனுப் போட்டபோது அந்த நாள்காட்டியைத்தான் ஆதாரமாகக் கொடுத்தார்கள்.

விசாரணை அதிகாரி நாள்காட்டியை ஒரு பக்கமும் தம்பியின் கம்பம் அனுப்பிய காற்றுப் பதிவை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தார். அந்த நாட்களில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே, அதாவது வீடுகளிலிருந்து ஆலையை நோக்கி வீசியதாகப் பதிவு சொன்னது. எதிர்க்காற்றில் நாற்றம் எப்படி வரும் என்று கேட்டார். மனு தள்ளுபடி ஆனது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. வெளியே வந்த அக்கா தம்பியைத்தான் பார்த்தாராம். தம்பி, பதிவு பொய் சொல்லாதுக்கா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்துத் திசைமுள்ளுக்கு எண்ணெய் போடக் கம்பத்தில் ஏறினார். வழுக்கி விழுந்ததிலிருந்து வலது முழங்கால் மடங்காது. அதனால் வெகு நாளாக ஏறியிருக்கவில்லை. மேலே போய் முள்ளின் மூக்கை மேற்கே தெரிந்த ஆலைப் புகைபோக்கிக்கு நேராகப் பிடித்தார். கையில் இருந்த செல்போனில் பதிவைப் பார்த்தால் கிழக்கு என்கிறது. கம்பியில் கோளாறு என்று நினைத்து இறங்கி, கம்பியை மாற்றி, மறுபடி ஏறினார். கிழக்கு என்றே சொன்னது. அப்புறம்தான் முள் உட்கார்ந்திருக்கும் உருளையைப் பார்த்திருக்கிறார். அதில் வடக்கு என்று வெட்டியிருக்கும் கோடு தெற்கே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வருஷத்துக்கு முன்பு வண்ணம் அடிக்கக் கம்பத்தைச் சாய்த்துத் திரும்ப நிறுத்தினார்கள். அடித்தட்டில் நான்கு திருகாணிகள். எப்படித் திருப்பிப் போட்டாலும் பொருந்தும். அரைச் சுற்று திரும்பி நின்றுவிட்டது. அன்றிலிருந்து மேற்குக் காற்றெல்லாம் கிழக்குக் காற்றாகப் பதிவாகியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏறிப் பார்த்து, திசை சரி என்று படிவத்தில் குறிக்க வேண்டியவர் இவர்.

மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் என்னிடம் சொன்னார். "கீழேருந்தே பார்த்துட்டு சரின்னு போட்டேன் சார். மூணு தடவை." அன்றைக்கே உச்சியில் இருந்த உருளையைத் திருப்பி வடக்குக்கு நேராக வைத்துவிட்டாராம். இனிமேல் வரும் பதிவு சரியாக இருக்கும். பழைய பதிவு அப்படியேதான் நிற்கும். அவர் எழுதிக் கொடுத்தாலொழிய அது தப்பென்று யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதிக் கொடுத்தால் வேலை போகும். கொடுக்காவிட்டால் அக்காவின் மனு அத்தோடு போச்சு. கெடுவில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஊர்க்காற்றையே ஒரு வருஷம் திருப்பி விட்டுவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிறாரே என்று இருந்தது. வாய்க்கு வந்தபடி பேசினேன். இன்னும் இரண்டு வருஷம் ஓடிவிட்டால் பையன் படிப்பு முடிந்துவிடும் என்றார் அவர். அதற்குமேல் திட்டாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

எட்டு, ஏழு, ஆறு என்று நாட்கள் போயின. வழக்கம்போல ஏழரைக்குப் பூஜ்யம் பார்த்துவிட்டு வந்தார். கையோடு கொண்டுவந்த நோட்டை நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மூடிவைத்தார். கெடு முடிய நான்கு நாள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்காவைப் பார்க்கப் போகிறேன், சும்மா கூட வாருங்கள் என்று கூப்பிட்டார். விசாரணைக்குப் பிறகு அந்தப் பக்கமே அவர் போயிருக்கவில்லை.

ஒற்றை அறை வீடு. அறைக்குள் நுழைந்ததும் எனக்கே நாற்றம் தெரிந்தது. மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல், இரண்டு கதவும் மலரத் திறந்து கிடந்தது. அதன் வழியே ஆலையின் புகைபோக்கி முழுசாகத் தெரிந்தது. ஜன்னலை ஒட்டினாற்போல் கட்டில். அதில் அக்காள் கணவர் தலையணைகளில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கட்டில் முன்பு உள்சுவர் பக்கம்தானே இருந்தது என்று தம்பி கேட்டார்.

"நான்தான் இழுத்துப் போட்டேன்" என்றார் அக்கா. "நீதானே சொன்னே, காத்து இங்கேருந்து அங்கதான் போகுதுன்னு. நாத்தம் வர்ற மாதிரி எனக்குத் தோணிட்டேதான் இருக்கு. எம் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு விட்டுட்டேன்."

தம்பி ஜன்னலுக்குப் போனார். ஒரு கதவைச் சாத்தினார், மற்றதையும் சாத்தினார். மேல் தாழ் துருப்பிடித்திருந்தது. உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏற்றினார்.

"என்னடா பண்றே, அவருக்கு முட்டுமே."

"உம் மூக்கு சரியாத்தான்கா இருக்கு" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "முள்ளுதான் தப்பு. தப்புன்னு பார்க்காம கையெழுத்துப் போட்டது நான். நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன். அதை வச்சு நீங்க மேல போங்க."

அக்கா தம்பியின் முதுகைப் பார்த்தபடி சுவரோடு நின்றுவிட்டார். அடைத்த அறையில் கட்டிலில் இருந்தவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மேலே ஓடிய மின்விசிறி போதவில்லை. தாழுக்குப் போன அக்காவின் கை பாதியில் நின்றது.

தம்பி அலமாரியின் மேல் கிடந்த எக்ஸ்ரே உறையை எடுத்தார். மடங்காத காலை நீட்டிக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அக்காள் கணவரின் முகத்துக்கு நேரே வீச ஆரம்பித்தார். வலது கை ஓய்ந்ததும் இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.